வேட்டைத் துப்பாக்கிக்கு எந்த ஸ்ப்ரே பெயிண்ட் தாங்கும்?

கேள்வி, 6 ஆகஸ்ட் 2023

மிச்சிகனில் சென்ற வேட்டைப் பருவத்துக்கு முன்பு பழைய .308 (தோட்டாவின் அளவு) போல்ட் ரைஃபிள் ஒன்றை வாங்கினேன், போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டாவை ஏற்றும் வகை. பேரலில் நீலப்பூச்சு, அதாவது எஃகின் மேல் ரசாயனத்தால் உண்டாக்கும் மெல்லிய கருநீலப் படலம், மட்டுமே இருக்கிறது. நவம்பர் முடிவதற்குள் பேரலின் அடிப்பக்கத்திலும் போல்ட் கைப்பிடியிலும் துரு புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. எண்ணெய் விட்டு எஃகுப் பஞ்சால் தேய்த்து எடுத்தேன். இனி ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே பெயிண்ட்டை அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். அதிக வெப்பம் தாங்கும் கேன்தான் சிறந்தது என்பது என் எண்ணம். சரிதானே?

பதில், 6 ஆகஸ்ட் 2023, இரவு

சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. என்னுடைய பழைய .22 ரைஃபிளுக்குப் பார்பிக்யூ அடுப்புக்கு அடிக்கும் கறுப்புக் கேனைத்தான் அடித்தேன். அடுப்பின் நெருப்பையே தாங்குகிற பெயிண்ட் பேரலின் சூட்டைத் தாங்காதா என்பது அன்றைய கணக்கு. மூன்று ஆண்டுகளாக அலமாரியில் பளிச்சென்று நிற்கிறது.

7 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எழுதி முடித்த கையோடு அந்த .22-ஐ வெளியே எடுத்து, துப்பாக்கி துடைக்கும் ஹாப்பீஸ் நம்பர் 9 திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணியால் பேரலை ஒரு முறை இழுத்துத் துடைத்தேன். துணி கறுத்தது. நான்காவது இழுப்பில் எஃகு தெரிந்தது. மூன்று ஆண்டுகள் அது பளிச்சென்று நின்றதற்கு, நான் அதை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அதிவெப்பப் பூச்சுகள் பெரும்பாலும் சிலிக்கோன் பிசினைக் கொண்டு செய்யப்படுகின்றன. அவை காற்றில் காய்ந்தால் மட்டும் போதாது, சூட்டில் வெந்த பிறகுதான் முழுமையாக இறுகும். பார்பிக்யூ அடுப்பில் முதல் முறை கரி மூட்டும்போது அந்த வேலை தானாக நடந்துவிடுகிறது. வேட்டை ரைஃபிளின் பேரல் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. இலக்குச் சரிபார்க்கும் நாளில் இருபது தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் பேரலைக் கையால் பிடிக்க முடியாமல் போகும். மான் வேட்டைக்குப் போகும் நாளிலோ ஒரே ஒரு தோட்டாவைச் சுட வாய்ப்புக் கிடைத்தாலே அது நல்ல நாள்.

ஆகவே வெப்பத்தை விட்டுவிட்டு, துடைக்கும் எண்ணெய், கரைப்பான், தோள்வாரின் உரசல், உள்ளங்கை வியர்வை ஆகியவற்றைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

9 ஆகஸ்ட் 2023

அப்படியானால் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடை அலமாரியில் எல்லாக் கேன்களும் ஒரே உருவத்தில் நின்றாலும், உள்ளே இருக்கும் வேதியியல் வேறு வேறு.

மிக மலிவானவை க்ரைலான், ரஸ்ட்-ஓலியம் போன்றவற்றின் உருமறைப்பு வண்ணங்கள். காக்கி, பழுப்பு, ஆலிவ் பச்சை, கறுப்பு என்று வரும், துளியும் மினுங்காது, சீக்கிரம் காயும். அசிட்டோன் பட்டால் ஓடிவிடும். அடுத்தது ஒற்றைக் கேனில் வரும் எபாக்சி. பிரவுனெல்ஸ் விற்கும் அலுமா-ஹைட் II துப்பாக்கிக்காரர்களிடையே பெயர் பெற்றது. கரைப்பானுக்கு எளிதில் மசியாது, ஆனால் முழுதும் இறுக வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது வகை, பெயிண்ட்டும் கடினமாக்கியும் கலந்து அடிப்பது. டுராகோட் இந்த இனம். கார் பட்டறைகளில் புழங்கும் 2கே கேன்களும் இதே இனம்தான். கேனின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கடினமாக்கி திறந்து கலந்துகொள்ளும், அதன்பின் ஓரிரு நாளில் கேனுக்குள்ளேயே இறுகிவிடும் என்பதால் திறந்த கேனைத் தீர்த்துவிட வேண்டும். 2கே பூச்சுகளின் கடினமாக்கியில் நுரையீரலுக்குத் தீங்கான ஐசோசயனேட் உண்டு. அதற்குரிய சுவாசக் கருவி இல்லாமல் மூடிய கராஜில் நின்று அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டாம்.

கடைசியாக, செராகோட் எச் வரிசை போன்ற அடுப்புப் பூச்சுகள். உறுதியில் இவற்றை மிஞ்சுவது கடினம். ஆனால் கம்ப்ரெசரும் ஸ்ப்ரே கன்னும் வேண்டும், அடித்த பிறகு 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 121 டிகிரி செல்சியஸில், இரண்டு மணி நேரம் வேக வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பில் 22 அங்குலப் பேரலை ரிசீவரோடு (போல்ட் ஓடும் உடற்பகுதி) வைத்துப் பார்த்தேன், கதவு மூடவில்லை. மூடியிருந்தாலும் என் மனைவி அந்த அடுப்பில் அதன்பின் சமைக்க மாட்டார், சமைக்கவும் கூடாது.

13 ஆகஸ்ட் 2023

எந்தக் கேன் என்று இத்தனை பேர் விவாதிக்கும்போது, அடிப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது எனக்குக் குறையாகப் படுகிறது.

என் தாய்மாமா கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பெயிண்டராக இருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கே போனால் அவர் கையில் ஸ்ப்ரே கன்னைப் பார்ப்பது அபூர்வம், எப்போதும் பட்டி பார்த்துக்கொண்டோ, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக்கொண்டோதான் இருப்பார். தேய்த்து முடித்த தகரத்தின் மீது நான் விரல் வைக்கப் போனால் முழங்கையில் ஒரு தட்டு விழும். "உன் ரேகை ஆறு மாசம் கழிச்சு பெயிண்ட்டுக்கு மேல வந்து சிரிக்கும்டா" என்பார். ரைஃபிளைப் பிரித்து வைத்து நைட்ரைல் கையுறையை மாட்டும்போதெல்லாம் அந்தத் தட்டு நினைவுக்கு வருகிறது.

நான் செய்வது இதுதான். முதலில் தோட்டாவை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கிறேன். ஸ்கோப், ஸ்டாக் (தோளில் ஊன்றும் கட்டை), டிரிகர் தொகுதி எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறேன். டிரிகருக்குள் பெயிண்ட் தூசி போவது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. பிறகு பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, முடி உலர்த்தும் கருவியால் பேரலை மெல்லச் சூடாக்குகிறேன். சுத்தமாகிவிட்டது என்று நினைத்த எஃகிலிருந்து அப்போதுதான் உண்மையான எண்ணெய் கசியத் தொடங்கும். ஸ்கோப் திருகுத் துளைகள், ரிசீவரும் பேரலும் சேரும் இடுக்கு, பேரலில் பதித்த எழுத்துகளின் பள்ளம் ஆகிய மூன்று இடங்களிலும் மறுபடி மறுபடி ஊறும். துடைத்து, சூடாக்கி, துடைத்து, துணி வெள்ளையாகவே திரும்பும் வரை விடுவதில்லை. பின்னர் 320 எண் உப்புத்தாளால் நீலப்பூச்சின் வழவழப்பைச் சீராக மழுக்கி, மறுபடியும் ஒரு கழுவல். அலுமினியம் ஆக்சைடு மணலை வீசிச் சொரசொரப்பாக்கினால் இன்னும் நல்லது. எல்லாவற்றிலும் மேலானது பாஸ்பேட் படிவம் (ரசாயனக் குளியலில் எஃகின் மேல் உண்டாக்கும் சொரசொரப்பான படலம்), பெயிண்ட் கடித்துப் பிடிப்பதற்கு அதைப் போல ஒரு தரை கிடையாது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் .303 ரைஃபிள்களில் பாஸ்பேட்டின் மேல் சன்கோரைட் என்ற கறுப்பு பெயிண்ட்டை அடித்துச் சூட்டில் இறுக்கினார்கள். மேற்கு வங்கத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த ரைஃபிள்களிலும் கறுப்பு பெயிண்ட் உண்டு. திருச்சியில் கல்லூரி என்.சி.சி.யில் நாங்கள் தூக்கிச் சுமந்த .303-இல், ஆயிரம் கை பட்டும் மூலைகளில் மட்டும்தான் எஃகு வெளியே தெரிந்தது. அன்று எடையைத் தவிர வேறெதையும் நான் கவனிக்கவில்லை.

14 ஆகஸ்ட் 2023

நேற்றைய குறிப்பில் "பிரேக் கிளீனர்" என்று பொதுவாக எழுதியது தவறு என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. குளோரின் கலந்ததும் கலக்காததுமாக இரண்டு வகை உண்டு. குளோரின் கலந்தது கடும் சூட்டிலோ தீயிலோ பட்டால் பாஸ்ஜீன் நச்சுவாயு உண்டாகலாம், ஆகவே அடுத்த வேலையே சூடாக்குவது என்னும்போது அந்தக் கேனை வாங்கவே கூடாது. கலக்காதது எளிதில் தீப்பற்றும். எனவே ஈரம் முழுவதும் ஆவியாகும் வரை, கராஜ் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த பிறகுதான் சூடு. பிளாஸ்டிக் ஸ்டாக்குக்கு இரண்டும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

20 ஆகஸ்ட் 2023

"சட்டப்படி ஆரஞ்சு மேலாடை போட்டுக்கொண்டு காட்டில் உட்காரப் போகிறவருக்குத் துப்பாக்கியில் மட்டும் உருமறைப்பு எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேலிதான், ஆனால் பதில் உண்டு. மானின் கண்ணில் இரண்டு வகை நிறக் கூம்புகளே உள்ளன. ஆரஞ்சு அதற்கு நம்மைப் போல எரிந்து தெரிவதில்லை. அசைவும் மினுக்கமும் தெரியும். காலை வெயிலில் நீலப்பூச்சுப் பேரல் திரும்பும்போது கண்ணாடித் துண்டுபோல ஒரு வெட்டு வெட்டும், அதை அடக்கினால் போதும். எனவே எந்த வண்ணம் என்பதைவிட மினுங்காமல் இருப்பதே முக்கியம். பேரல் முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தாலும் மான் குறை சொல்லப் போவதில்லை.

27 ஆகஸ்ட் 2023

பேச்சைவிடச் சோதனை மேல் என்று, ஒரு அங்குல அகலப் பட்டை இரும்பை வாங்கி ஆறு ஆறு அங்குலமாக நான்கு துண்டு போட்டேன். ஒவ்வொரு துண்டிலும் பாதியை 13-ஆம் தேதி எழுதிய முறைப்படி தயார் செய்தேன், மறு பாதியைத் துணியால் மட்டும் துடைத்தேன். சாதாரண உருமறைப்பு எனாமல், ஒற்றைக் கேன் எபாக்சி, கார் இஞ்சின் எனாமல், உருமறைப்பு எனாமலின் மேல் மினுங்காத 2கே தெளிபூச்சு என்று நான்கு வகை. 2கே மட்டும் ஒரு கார் பெயிண்டர் நண்பர் தன் பட்டறையில் அடித்துக் கொடுத்தார். நான்கும் கராஜில் கம்பியில் தொங்குகின்றன. என் மகள் அவற்றைக் காற்றுமணி என்கிறாள்.

3 செப்டம்பர் 2023

பொறுமை இல்லாமல் ஒரு வாரத்திலேயே எபாக்சியில் நகத்தை அழுத்தினேன். பிறை நிலாபோல ஒரு பள்ளம் விழுந்தது, அது இன்னும் போகவில்லை.

17 செப்டம்பர் 2023

மூன்று வாரம் முடிந்தது. ஹாப்பீஸில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்தேன், கால் டாலர் நாணயத்தின் விளிம்பால் சுரண்டினேன், டேப்பை ஒட்டிப் பிய்த்தேன்.

சாதாரண எனாமல் கரைப்பானில் குழைந்தது, எதிர்பார்த்ததுதான். எபாக்சி அசையவில்லை, நாணயம் வெள்ளிக்கோடு போட்டதோடு நின்றது. 2கே பூச்சும் அப்படியே. இஞ்சின் எனாமல் நடுத்தரம்: 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் வேகவைத்திருந்தால் இன்னும் தாங்கியிருக்கலாம், நான் வேகவைக்கவில்லை என்பதால் அதன் மீது தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது டேப் சோதனைக்காக. வெறுமனே துடைத்த பாதியில் எபாக்சி பாம்புச்சட்டை போல ஒரே நீளத்தில் கழன்று வந்தது. தேய்த்துக் கழுவிய பாதியில், மிக மலிவான உருமறைப்பு எனாமல்கூட டேப்புக்கு ஒரு பொட்டும் கொடுக்கவில்லை. விலை உயர்ந்த பூச்சு அழுக்கு எஃகில் தோற்றது, மலிவான பூச்சு சுத்தமான எஃகில் நின்றது. இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது தெரிகிறது. மாமாவுக்குப் படம் அனுப்பினேன். "இதுக்கா அமெரிக்கா போனே?" என்று கேட்டார்.

24 செப்டம்பர் 2023

முடிவு செய்துவிட்டேன். என் .30-06 ரைஃபிளின் எஃகுக்கு எபாக்சி, பிளாஸ்டிக் ஸ்டாக்குக்கு மலிவான உருமறைப்பு வண்ணம். நேற்று ஸ்டாக்கில் தொடங்கினேன்.

தொடங்கிய அன்றே கெடுத்தேன். மேல்பூச்சு அடிப்பதானால் ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று கேனின் பின்புறம் தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் சாப்பிட்டுவிட்டு வந்து மூன்று மணி நேரம் கழித்து அடித்தேன். அடித்த அரை நிமிடத்தில் பூச்சு முழுவதும் ஆறிய பாலின் ஆடையைப் போலச் சுருங்கி எழுந்தது. மேலே காய்ந்து உள்ளே காயாத அடிப்பூச்சுக்குள் புதிய பெயிண்ட்டின் கரைப்பான் ஊறி, அதை வீங்க வைத்துவிடுகிறது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

8 அக்டோபர் 2023

எஃகு வேலை முடிந்தது. டேப் ஒட்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன்: ரிசீவரின் உட்புறம், ஸ்டாக்கோடு ரிசீவர் உட்காரும் பரப்பு, திருகு மரைகள், வரிசை எண். போல்ட்டில் கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டு, பூட்டும் காதுகள் உட்பட மற்ற எல்லாவற்றையும் மூடினேன். உராய்ந்து நகரும் இடத்தில் பூச்சின் தடிமனே தொல்லை. வரிசை எண்ணை அழிப்பதும் சிதைப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், ஆகவே உப்புத்தாள் அதன் பக்கம் போகவே கூடாது. பேரலின் வாயிலும் சேம்பரிலும் காதில் வைக்கும் நுரை அடைப்பான்களைச் செருகினேன். அவை கொஞ்சம் விரிந்து பேரல் வாயின் விளிம்பையும் மூடிக்கொள்கின்றன.

கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடேற்றினேன். கொதிநீர் கூடாது, 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கேன் வெடிக்கலாம். பத்துப் பன்னிரண்டு அங்குலம் தள்ளி நின்று, பேரலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி மெல்லிய மூன்று பூச்சு. முதல் பூச்சில் எஃகு தெரியத்தான் செய்யும், அதை அப்போதே மூடிவிட நினைப்பவருக்கு அடியில் சொட்டு நிற்கும்.

ஸ்டாக்குக்கு, வேட்டையாடப் போகும் கிரேலிங் பக்கத்துக் காட்டிலிருந்தே பிராக்கன் பெரணி இலைகளைக் கொண்டுவந்து அச்சாக வைத்தேன். காக்கி அடித்து, இலையை வைத்து, மேலே பழுப்பும் ஆலிவும் தூவினேன். முதல் பக்கம் பலாப்பழத் தோல் போல வந்தது. இரண்டாவது பக்கம் காடு போல இருக்கிறது. முதல் பக்கத்தை என் கன்னம் மறைத்துவிடும்.

13 நவம்பர் 2023

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். நாளை மறுநாள் பருவம் தொடங்குகிறது என்று இன்று துப்பாக்கியை மாட்டி, சுத்தக் கம்பியைப் பேரலுக்குள் விட்டபோது பாதியில் நின்றது. அக்டோபரில் பேரல் வாயில் செருகிய நுரை அடைப்பானை உருவும்போது அது பிய்ந்திருக்கிறது. ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. டேப்பைப் பிய்க்கும் அவசரத்தில் அதை நான் பார்க்கவில்லை. அடைபட்ட பேரலில் சுட்டால் பேரல் பிளக்கும். பூச்சு நன்றாக இறுகிவிட்டதா என்று ஐந்து வாரம் நகத்தால் தட்டிப் பார்த்தவன், பேரலுக்குள் ஒரு தடவை விளக்கடித்துப் பார்க்கவில்லை.

2 டிசம்பர் 2023

பருவம் நவம்பர் 30-இல் முடிந்தது. ஒன்பது நாள் காட்டில் இருந்தேன், இரண்டு நாள் பனி, ஒரு நாள் முழுக்க மழை. எபாக்சி பூசிய எஃகில் துரு இல்லை. போல்ட் கைப்பிடியின் உருண்டையில் சிறிது மினுக்கம் வந்திருக்கிறது. ஸ்டாக்கில் கை பிடிக்கும் இடத்தில் ஆலிவ் கரைந்து காக்கி தெரிகிறது, தோள்வார் உரசும் இடத்தில் பிளாஸ்டிக்கே தெரிகிறது.

இங்கே என் கருத்து சற்று மாறுகிறது. ஸ்டாக்கில் தேய்ந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து இரண்டு வீச்சு அடித்தேன், பத்து நிமிடத்தில் புதியதாகிவிட்டது. எபாக்சியில் ஒரு கீறலைச் சரி செய்யச் சுற்றிலும் தேய்த்து, கழுவி, மூன்று வாரம் பொறுக்க வேண்டும். இத்தனை நாள் "தாங்கும்" என்ற சொல்லைத் தேயாமல் இருப்பது என்ற ஒரே பொருளில் எழுதிவந்தேன். கைப்படும் இடங்களுக்கு, தேய்ந்தால் உடனே மீண்டும் அடிக்க முடிகிற மட்டமான பெயிண்ட்டே எனக்கு உகந்ததாக இருக்கிறது. எஃகுக்கு இந்த வாதம் செல்லாது. அங்கே கீறலுக்கு அடியில் துரு காத்திருக்காது.

10 டிசம்பர் 2023

மாமனார் கொடுத்த வின்செஸ்டர் மாடல் 70-க்கு அடிக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். 1964-க்கு முன்பு செய்ததா என்று முதலில் பாருங்கள். அதற்கு முந்தையது என்றால் கேனைக் கீழே வையுங்கள். வால்நட் கட்டையும் அசல் நீலப்பூச்சும் உள்ள அந்த ரைஃபிளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் அடித்த பிறகு உங்கள் மாமனாரைத் தவிர யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், அவரும் நல்லபடியாகப் பேச மாட்டார்.

8 டிசம்பர் 2024

இரண்டாவது பருவமும் முடிந்தது. பேரல் வாயருகே, மரத்தில் சாய்த்து வைக்கும் இடத்தில் அரிசி அளவு எபாக்சி பெயர்ந்திருந்தது. அதன் விளிம்பில் துரு தொடங்கியிருந்ததால் சுரண்டி எடுத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், வசந்தத்தில் அடிக்க வேண்டும். ஸ்டாக்குக்கு இதுவரை நான்கு தடவை மேல்பூச்சு ஆகிவிட்டது. பலாப்பழப் பக்கம் இப்போது பரவாயில்லை.

முதலில் கேள்வி கேட்டவரிடம் எந்தப் பெயிண்ட்டை அடித்தீர்கள் என்று விசாரித்தேன். இன்னும் அடிக்கவில்லையாம். குளிரிலிருந்து வந்ததும் துப்பாக்கியை உறைக்குள் மூடி வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் துருவுக்குக் காரணம் என்று வேறு யாரோ சொன்னார்களாம். சில்லிட்ட எஃகில் வீட்டுக் காற்றின் ஈரம் வியர்த்து, உறைக்குள் காய வழியில்லாமல் நின்றிருக்கிறது. இப்போது உறையைக் கழற்றி, வியர்வை அடங்கும் வரை திறந்து வைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைக்கிறாராம். இரண்டு பருவமாகத் துரு இல்லை என்கிறார். வாங்கிய கேன் பிரிக்கப்படாமல் இருக்கிறது, வேண்டுமா என்று என்னைக் கேட்டார். என்ன வண்ணம் என்று கேட்டிருக்கிறேன்.